ஆண்கொக்கு பேசாத இடம்

எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்கு நிம்மதி கெடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சர்க்கரை, மூட்டுவலி, மருமகன். பாவைக்கூத்துக்காரரும் கவிஞருமான நாராயணபெருமாளுக்கு இது ஒன்றும் பொருட்டில்லை. அவரைக் குடைந்தது ஒரே கேள்விதான். அக்கா ஏன் பாதிக் கூத்தில் எழுந்து போனாள்?

அது நடந்து இரண்டு வருடமாகிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி விழா. திரைக்குப் பின்னால் நின்று தோல்பாவைகளை ஆட்டுகிறவருக்கு முன்னால் யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. மகள் அபிதாதான் பிறகு வந்து சொன்னாள்.

"அப்பா, குழித்துறை அத்தை முன்வரிசையில இருந்தாவ. ஆண்கொக்கு பேசாம நிக்குமே, அந்த எடத்துல எழும்பிப் போயிட்டாவ."

அந்த இடத்திலா! வேறு எங்கே எழுந்து போயிருந்தாலும் முதுகுவலி, பஸ் நேரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். அந்த இடம்தான் அவர் பெயரை ஊருக்குச் சொன்ன இடம். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியது அதைப் பற்றித்தான்.

கொக்குக் கதை அவருடைய அப்பா கட்டியது. மழை இல்லை, குளம் வற்றிக் கிடக்கிறது. கரையில் ஓர் ஆண்கொக்கு, ஒரு பெண்கொக்கு, இரண்டு குஞ்சுகள். பெரியவை இரண்டும் வாய் ஓயாமல் சண்டை போடும், கூட்டம் சிரிக்கும், கடைசியில் மழை பெய்யும். அப்பா ஆண்கொக்குக்கும் அம்மா பெண்கொக்குக்கும் குரல் கொடுப்பார்கள். குஞ்சுகளுக்குக் குரல் கிடையாது. அவற்றை முள்ளால் திரையில் குத்தி வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

நாராயணபெருமாளின் கூத்தில் மழைக்கு முன்னால் பெண்கொக்கு ஒரு கேள்வி கேட்கும். "ரெண்டு குஞ்சுல எதைக் குடுக்கப் போறீரு?" அதுவரை ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆண்கொக்கு பேசாது. இறக்கைகூட அசையாது. இருபது மூச்சு நேரம் அப்படியே நிற்கும். அரங்கத்தில் ஒருவரும் இருமமாட்டார்கள். பிறகு இடி, மழை.

யாருக்குக் கொடுக்க? அது கதையில் இல்லை. காலத்துக்கு என்று ஒருவர் எழுதினார், பசிக்கு என்று இன்னொருவர், மரணத்துக்கு என்று மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர். நாராயணபெருமாள் மூன்று பேரிடமும் தலையை ஆட்டினார். உண்மையில் அவருக்கும் தெரியாது. ஆறு வயதில், அப்பா ஒரே ஒரு தடவை அப்படி நிறுத்தியதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கதையைக் கையால் தொடவே இல்லை. பெரிய கலைஞர்கள் செய்ததைத் திரும்பச் செய்யமாட்டார்கள் என்று மகன் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அக்கா அதற்கப்புறம் குடும்பத்தோடு இல்லை. அப்போது அவளுக்குப் பத்து வயது, பெயர் பகவதி. குழித்துறையில் பிள்ளையில்லாத ஞானசிங் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அங்கே பெயர் மாறித் தங்கபாய் ஆனாள், படித்தாள், தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றாள். "அவளுக்குப் படிக்க ஆசை, அவளே போறேன்னுட்டா" என்றுதான் தம்பிக்குச் சொன்னார்கள். மூன்று நேரமும் சோறு கிடைக்கிற வீட்டைப் பார்த்ததும் நம்மை உதறிவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அந்தக் கசப்பை அறுபத்தாறு வருடம் பத்திரமாக வைத்திருந்தான். கல்யாணம், சாவு என்றால் அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள். நல்லாயிருக்கியா, இருக்கேன். அதோடு சரி.

இப்போது அவருடைய கவிதைப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முதல் கவிதையே அந்த மௌனம் பற்றியது. அக்காவோ வியாழக்கிழமை மகள் பெமிலாவிடம் துபாய்க்குப் போகிறாள். வீட்டை விற்றாயிற்று, இனி திரும்பி வருவதாக இல்லை. இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது? செவ்வாய்க்கிழமை காலையில் வடசேரியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு குழித்துறைக்குப் பஸ் ஏறினார்.

தங்கபாய் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் பொதிகள். நல்லமிளகு, கிராம்பு, புளி. பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி, முள்ளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ரெண்டு கிலோ கூடுதல். எதை எடுத்துப் போட? நீ என்ன லே, சொல்லாம கொள்ளாம?"

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சாயா குடிச்சிட்டுக் கேளு."

சாயா குடித்தார். கேட்கத் துணிவு வரவில்லை. கவிஞர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, வாயால் வராததைத் தாளில் நீட்டலாம். அவர் கவிதையை எடுத்து வாசித்தார்.

அப்பா ஒரு தடவை
பேசாமல் நின்றார்.
நான் ஆயுள் முழுக்க
அதற்கு உரை எழுதுகிறேன்.

தங்கபாய் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா உள்ளபடி நடந்தது அது இல்ல."

"அதான் கேக்க வந்தேன். அண்ணைக்கு ஏன் எழும்பிப் போனே?"

அவள் பொதிகளைத் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் அப்பாவும் அம்மையும் முகம் பாத்துப் பேசினதே இல்ல. ஓர்மை உண்டா?"

ஓர்மை இல்லாமலா? அவர் எல்லாப் பேட்டியிலும் சொல்லிச் சிரிக்கவைக்கிற கதை அது. என்ன சண்டையோ, இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. ஆகையால் வீட்டுக் காரியமெல்லாம் திரையில் நடந்தது. 'உப்பு தீந்து போச்சு, ஓர்மை இருக்கா உமக்கு?' என்று பெண்கொக்கு திட்டும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் அப்பா உப்பு வாங்கி வருவார்.

"உப்பு, சீலை, விளக்கெண்ணெய்," என்றார் நாராயணபெருமாள். பழக்கதோஷத்தில் சிரிப்பும் வந்தது.

"அது மட்டும்தானா லே அம்மை கேட்டா?"

சிரிப்பு நின்றது.

"ஞானசிங் வாத்தியார் அந்த வாரம் அப்பாட்ட வந்து கேட்டிருந்தாவ, ஒரு பிள்ளையைத் தாரும், வளத்துக்கிடுகோம்னு. ஆணோ பெண்ணோ, எதுன்னாலும் செரின்னாவ. அப்பா செரின்னுட்டாரு. அம்மைக்கு அதை யாரோ சொல்லித்தான் தெரியும். அப்பாட்டதான் பேச்சு இல்லியே. பொறவு எங்க கேப்பா?"

நாராயணபெருமாள் கவிதைத் தாளைக் கீழே இறக்கினார். அம்மா திரையில்தான் கேட்டிருக்கிறாள். ரெண்டு குஞ்சுல எதைக் குடுக்கப் போறீரு. அந்த வரியை எத்தனை மேடையில், எத்தனை குழைவாகச் சொல்லியிருக்கிறார்! அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அப்படின்னா அப்பா கலைக்காக நிக்கல்ல," என்றார் மெதுவாக.

"கலையாவது, மண்ணாவது. அந்த மனுசனுக்குப் பதில் இல்ல. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"பொறவு மழை வந்துச்சு."

"மழைக்கு முன்னால நான் பேசினேன்."

"நீயா?"

"குஞ்சு பேசிச்சு. 'நான் போறேன், தம்பி நல்லா பாடுவான், அவன் இருக்கட்டு'ன்னு. குஞ்சுக்குக் குரல் உண்டுன்னு ஜனத்துக்கு அண்ணைக்குத்தான் தெரியும். கைதட்டுன்னா கைதட்டு."

"நான் அங்கதானே இருந்தேன்! எனக்குக் கேக்கல்லியே!"

"எப்படிக் கேக்கும்? திரைக்குப் பின்னால பொறந்த பிள்ளை நீ. செண்டை அடிச்சாலும் உறங்குவே, சத்தம் நின்னாத்தான் முழிப்பே. அப்பா வாய் நின்னுது, எம்மடியில கெடந்த நீ கண்ணு முழிச்சே. அம்மை அதையே திரும்பவும் கேட்டா. நான் பேசத் தொடங்கினேன், நீ திரும்ப உறங்கிட்டே."

வெளியே தெருவில் மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். நாராயணபெருமாள் கையிலிருந்த தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எல்லோரும் பாராட்டிய தன் பாட்டு, தன் பாவை, தன் பெயர். அவ்வளவும் ஒரு பத்து வயதுப் பெண் தன் மடியில் உறங்கியவனுக்கு விட்டுக்கொடுத்தது. அவளையா அவர் இத்தனை காலம் சோற்றுக்குப் போனவள் என்று நினைத்திருந்தார்?

"உனக்கு வருத்தம் உண்டா அக்கா?"

"உண்டு," என்றாள் தங்கபாய். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. "போனதுக்கு இல்ல. ஞானசிங் அப்பா என்னைத் தங்கமா வச்சிருந்தாவ. நான் அண்ணைக்கு அப்படிச் சொன்ன பொறவு, 'நீ போவாண்டாம்'னு அப்பாவோ அம்மையோ ஒரு வார்த்தை சொல்லுவாவன்னு பாத்தேன். சொன்னாலும் போயிருப்பேன். அடுப்பு எரியாத வீடு, எனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்லுவாவன்னு பாத்தேன். ஜனம் கைதட்டிச்சு. அப்பா மழையைக் கொண்டுவந்துட்டாரு. அதுல ஒரு வெப்ராளம், இன்னும் மனசு ஆறல்ல. உன் கூத்துல மழை வருகதுக்கு முன்னால எழும்பிட்டேன், அவ்வளவுதான்."

அவள் எழுந்து தராசை எடுத்தாள். பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டப் போனவளின் கையை நாராயணபெருமாள் பிடித்துக்கொண்டார். ஊரில் அத்தனை பாவைக்கும் குரல் கொடுத்த மனுசருக்குச் சொந்தக் குரல் உடைந்து போயிற்று. கண்ணீர் தாடியில் இறங்கியது.

"அக்கா, நீ போவாண்டாம்."

தங்கபாய் அவரைப் பார்த்தாள். உதடு கோணியது.

"டிக்கெட் போட்டாச்சே மக்கா," என்றாள். பிறகு தராசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்க சொல்லு," என்றாள்.