அளக்காத எட்டு மாதம்

அணைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் அந்தச் சின்ன மண் அணையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவருக்குப் பத்தொன்பது வருஷம். மதகைத் திறந்து மூடுவது, கரையில் முளைக்கும் செடிகளை வெட்டுவது, எலி வளை தோண்டினால் அடைப்பது எல்லாம் அவர் பாடு. வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு வேலையும் உண்டு. அணையின் பின்பக்கம் அறுபத்து மூன்று படி இறங்கினால் அடிவாரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. கரைக்குள்ளிருந்து கசிகிற தண்ணீர் அதில் சேர்ந்து, ஒரு தகட்டின் வெட்டு வழியாக வெளியே போகும். வெட்டில் எவ்வளவு உயரம் ஓடுகிறது, தெளிவா கலங்கலா என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.

பதினெட்டு வருஷம் ஒழுங்காகத்தான் எழுதினார். அப்புறம் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு வாரம் மழை, படி வழுக்கும் என்று இறங்கவில்லை. அதற்கு முந்தின வாரம் வெட்டில் ஓடியது முப்பத்தெட்டு மில்லிமீட்டர் உயரம். ஒரு வாரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று அதையே எழுதினார். கை கூசியது. அடுத்த வாரம் கொஞ்சம் குறைவாகக் கூசியது. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே முப்பத்தேழு, முப்பத்தொன்பது என்று மாற்றிப் போடவும் பழகிக்கொண்டார். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக மாற்றலாகி வந்த இன்ஜினியர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ரெஜிஸ்டரைப் புரட்டி, "கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். பிறகு தனியாகவே படி இறங்கினார். மூச்சு வாங்க மேலே வந்தபோது கையில் ஒரு பாட்டில். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர்.

"எழுபத்தொண்ணு. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு தண்ணி வருது. அதோட கரை மண்ணையும் அரிச்சுக்கிட்டு வருது, பாருங்க. போன வாரம் முப்பத்தெட்டு, தெளிவுன்னு இருக்கு. ஒரே வாரத்துல இப்படி ஆயிருக்கு! நல்லவேளை, நீங்க விடாம எழுதியிருக்கீங்க. இல்லேன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது."

அணைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஜினியர் அம்மா போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மதகைத் திறந்தார்கள். அணைக்குக் கீழே இருந்த நூற்றிருபது வீட்டுக்காரர்களையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு வீடு அவருடைய தங்கையின் வீடு. மதியம் அவளைப் பார்க்கப் போனபோது, வகுப்பறை பூராவும் பாத்திரமும் மூட்டையுமாக ஜனங்கள். தங்கையின் கணவர் அவரைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"இதோ, எங்க மச்சான்! இவர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்ததாலதான் நாம இன்னைக்கு உயிரோட உக்காந்திருக்கோம்!"

யாரோ நாற்காலி போட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருந்தது.

நாலு மணிக்கு இன்ஜினியர் அம்மா வந்தார். "ஒரே வாரத்துல இவ்வளவு மோசமாயிருக்கு. அதனால மூணு மதகையும் முழுசா திறந்து ராத்திரிக்குள்ள அணையைக் காலி பண்ணப் போறோம். அதுவரைக்கும் யாரும் கீழ போகாதீங்க."

அணைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு வேகமாக வடித்தால், ஊறிப்போன உள்பக்கக் கரை அப்படியே சரிந்து விழும். அப்புறம் ஒரே வெள்ளம்தான்.

"மேடம், அப்படித் திறக்காதீங்க."

"வேற வழி? ஒரு வாரத்துல..."

"ஒரு வாரம் இல்ல. எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. நான் எட்டு மாசமா கீழ இறங்கவே இல்ல. எல்லாம் நானா போட்ட எண்ணு."

தங்கையின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஜினியர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப எதை நம்பி நான் முடிவெடுக்கிறது?"

தங்கைதான் எழுந்தாள். அண்ணன் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"எங்க கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுகிட்ட மூணு மாசமா தரை காயவே இல்ல மேடம். முதல்ல நல்ல தண்ணிதான் ஊறுச்சு. போன மாசத்துல இருந்து செம்மண் கலர். இவர்கிட்ட சொன்னேன். 'நான் அளந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், உனக்கு என்ன தெரியும்'னு சிரிச்சார். நானும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

இன்ஜினியர் அம்மா அவளை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களும் அவரவர் கொல்லையைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று மாதமாக மெல்ல மெல்ல வளர்ந்தது என்று தெரிந்தபின், ஒரு மதகு மட்டும் போதும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிதானமாக வடிக்கலாம் என்று முடிவானது. அணைக்காரர் சுவரோரம் நின்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறு நாளில் அணை காலியானது. கரைக்குள் புதைத்திருந்த பழைய குழாய் இற்றுப்போய், அதைச் சுற்றி ஒரு ஆள் கையை விடுகிற அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. கரை சரியவில்லை. ஆனால் ஊர் முழுக்க மூன்று மாதம் லாரித் தண்ணீர்தான்.

அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி இரக்கப்பட்டு, "உடம்பு முடியலைன்னு எழுதிக்கலாமா?" என்றார்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளை அனுப்பியிருப்பாங்க சார். நான் சொல்லல. போகாமலே போனதா எழுதினேன். அப்படியே போட்டுக்கோங்க."

எட்டாம் நாள் ஜனங்கள் வீடு திரும்பினார்கள். தங்கையின் தலையணை மூட்டையையும் தையல் மெஷினையும் அவர் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாசலில் மெஷினை இறக்கி, உள்ளே எங்கே வைப்பது என்று கேட்டார்.

"அங்கேயே வச்சுட்டுப் போ" என்றாள்.

வைத்துவிட்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.