கோவிந்தனின் மனு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: 2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, திருவிடந்தைக்குத் தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் ஒரு விடுதியின் ஏ.சி. மண்டபத்தில், கடலோர மனை வாரியத்தின் செங்கல்பட்டு வட்டார அதிகாரிகள் பதினேழு பேருக்கும் ஒரே நாளில் இதயம் பொருத்தப்படும். மதிய உணவு உண்டு.

சுற்றறிக்கையில் இவ்வளவு பச்சையாக எழுதவில்லை. ‘பரிவுத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி, நடித்துக் கற்றல் முறையில்’ என்று எழுதி, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பதினேழு பிரதி எடுத்துப் பதினேழு மேஜையிலும் வைத்தவள் ரெபேக்காள்.

ரெபேக்காள் அந்த அலுவலகத்தின் தற்காலிகக் கடைநிலை ஊழியர். தற்காலிகம் என்றால் பதினோரு வருஷம். தினமும் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் பிடித்து வந்து, அதிகாரிகள் வருவதற்குள் தூசு தட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஒன்று இருந்தது. வட்டார அதிகாரி வாசுதேவன் அதில் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அது தலைமையகம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் திட்டமே கிடையாது.

நான்கு வருஷமாக வாசுதேவன் கையெழுத்துப் போடவில்லை. லஞ்சம் எதிர்பார்த்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த விஷயத்தில் அவர் நெருப்பு. திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு ருசி, அவ்வளவுதான். முதல் தடவை, போட்டோவில் காது தெரியவில்லை என்றார். காது தெரிய எடுத்து வந்தாள். காகிதங்களைக் குண்டூசியால் குத்தியிருக்கிறாயே, நூல் கோத்து வா என்றார். நூல் கோத்து வந்தாள். யார் உன்னை நூல் கோக்கச் சொன்னது, பக்கம் புரட்ட முடியவில்லை என்றார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் போலச் சிரித்துக்கொண்டே, “நாளைக்கு வாம்மா” என்பார்.

அவர் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதன்மேல் எப்போதும் ஒரு பழைய கோப்புக் கட்டு இருக்கும். மனு கொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்து தொலைக்கக் கூடாதே என்பதற்காகவே ஏற்பட்ட கட்டு அது. காலையில் அதைத் தூசு தட்டி அங்கே வைப்பதும் ரெபேக்காளின் வேலைதான்.

பயிற்சிக்கு அவளை அழைத்து வந்தது தேநீர் கொடுக்க. சாப்பாட்டுக்குப் பிறகு வாசுதேவன் சற்று இளகியிருப்பார் என்ற நப்பாசையில், கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பயிற்சியாளர் நிதினுக்கு முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் விசில். “ஃப்ரெண்ட்ஸ், இங்க ஒரே ஒரு ரூல்தான். நான் விசில் ஊதற வரைக்கும் யாரும் கேரக்டரை விட்டு வெளிய வரக் கூடாது. உங்க பேருகூட உங்க பேரு இல்ல. கையெழுத்து உட்பட எல்லாமே கேரக்டர்தான்.”

ஆரம்பத்திலேயே ஆட்டம் மக்கர் செய்தது. அதிகாரியாக நடிக்கப் பதினேழு பேரும் தயார். மனுதாரராக நடிக்க ஓர் ஆள் இல்லை. நிதின் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சீட்டுகளைக் குலுக்கினார். வாசுதேவனுக்கு வந்த சீட்டில், ‘கோவிந்தன், வயது 52, திருப்போரூர். மனை ஒதுக்கீடு கேட்டு வந்திருக்கும் ஏழை’ என்று இருந்தது. பெயர் அட்டையை அவர் சட்டையில் நிதினே குத்திவிட்டார்.

“இப்ப அதிகாரியா, நிஜத்துல அதிகாரியா இல்லாத ஒருத்தர் வேணும்” என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள், கையில் ஃபிளாஸ்க்கோடு.

“எனக்கு இன்னா சார் தெரியும்?” என்றாள் ரெபேக்காள்.

“உங்களுக்குத் தெரிஞ்ச அதிகாரி மாதிரி நடிங்க. போதும்.”

அவள் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். மண்டபத்து மூலையில் கிடந்த பயிற்சிக் கையேட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து, மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். செங்கல்பட்டு அலுவலகம் முழுதும் ஒரே சமயத்தில் செருமியது.

“வணக்கம்மா” என்றார் வாசுதேவன், நாடகத்தனமாகக் குனிந்து.

அவள் நிமிரவில்லை. பேனா மூடியைக் காதில் விட்டு, கண்ணை அரைவாசி மூடி, நிதானமாகக் குடைந்தாள். அது யாருடைய காது குடைதல் என்று தெரியாதவர் நிதின் ஒருவர்தான்.

“மனு கீதா?”

கொடுத்தார்.

“இதுல இன்னாய்யா வாசுதேவன்னு கையெழுத்து கீது?”

“பழக்கத்துல போட்டுட்டேன்.”

“பழக்கத்துல அடுத்தவர் கையெழுத்தைப் போடுவியா? வாசுதேவன் சார் எவ்ளோ பெரிய மனுசர்! அவருக்குத் தெரிஞ்சா உன்னை உள்ள வெச்சிருவாரு. வேற பேப்பர்ல எழுதிக்கினு வா.”

எழுதி வந்தார். ‘கோவிந்தன்’ கொஞ்சம் கோணியிருந்தது.

“உன் பேரு எழுத உனக்கே கை நடுங்குது? நீ கோவிந்தன்தானான்னு எனக்கு டவுட்டாகீது. அம்பது வாட்டி எழுதிக் காட்டு.”

கைதட்டல். வாசுதேவன் நிதினைப் பார்த்தார். நிதின் கட்டைவிரலை உயர்த்தினார். ஐம்பது கோவிந்தன்களை நின்றபடியே எழுதினார். அடுத்த மனுவில் குண்டூசி இருந்தது என்று திருப்பினாள். அதற்கடுத்ததில் நூல். நூல் வந்தபோதுதான் வாசுதேவன் அவள் முகத்தை முதன்முதலாக நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்குத் தலைமையகத்திலிருந்து இயக்குநர் ஞானம்பாள் அம்மையார் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அதே நேரம் வஞ்சிரம் வறுக்கும் வாசனையும் வந்தது.

“சாப்பாட்டு நேரம். மூணு மணிக்கா வா கோவிந்தா” என்று ரெபேக்காள் எழுந்தாள்.

வாசுதேவனும் தட்டை நோக்கி நடந்தார். நிதின் குறுக்கே வந்து, “கோவிந்தன், இது ஆபீசர்ஸ் லஞ்ச். விசில் ஊதல” என்றார்.

“யோவ், போதும்யா! நான் வாசுதேவன்! வட்டார அதிகாரி! எனக்கு சுகர் இருக்கு!”

நிதின் புல்லரித்துப் போனார். “மேடம், கவனிச்சீங்களா? ஏழை மனுஷன், வேற வழியில்லாம பெரிய அதிகாரி பேரைச் சொல்லி மிரட்டிப் பார்க்கறான். நான் சொல்லிக் கொடுக்கவே இல்ல!” அம்மையார் வியந்து குறிப்பெடுத்துக்கொண்டார். சர்க்கரை என்றதற்காக இரண்டு மாரி பிஸ்கட் மட்டும் அனுமதிக்கப்பட்டது. மற்ற பதினாறு பேரும் கவனமாகத் தங்கள் மீனைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பதினாறு பேரில் வாசுதேவனிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்து அலையாதவர் எவரும் இல்லை.

ரெபேக்காள் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு துண்டு வஞ்சிரம் சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டு வாங்கினாள். பசி அடங்கியிருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலில் நிற்கிற கோவிந்தனைப் பார்த்துக்கொண்டே தின்பதற்காக அது.

மூன்று மணிக்கு வாசுதேவன் மேஜை முன் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டை ஒரு பக்கம் தொங்கியது.

“இன்னா கோவிந்தா, நாஸ்தா ஆச்சா?”

“பசிக்குதும்மா” என்றார். குரலில் நாடகம் இல்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

இதோடு விட்டிருக்கலாம். விடலாமா என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. காது தெரியாத போட்டோ ஞாபகம் வந்தது. மனுவை மெல்ல அவர் பக்கம் தள்ளி, மாப்பிள்ளை வீட்டார் போலச் சிரித்து, “நாளைக்கு வாப்பா” என்றாள்.

ஞானம்பாள் அம்மையார் மூக்கை உறிஞ்சியபடி எழுந்து வந்தார். “இவ்வளவு இயல்பா எப்படிம்மா நடிச்சே?”

“நடிக்கலீங்கம்மா. நாலு வருசமா எதுர்ல நின்னு பாத்துக்கினு இருக்கேன்.” பையிலிருந்து கோப்பை எடுத்து நீட்டினாள்.

அம்மையார் நான்கு பக்கம் புரட்டினார். முகம் சிவந்தது. “பயிற்சியோட பலன் இதுதான். இங்கேயே, இப்பவே கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும். போட்டோகிராபர் எங்கே?”

நாற்காலியில் கட்டு இருந்ததால் வாசுதேவன் நின்றபடியே குனிந்தார். பச்சை மைப் பேனா நடுங்கவில்லை. ஒரே வீச்சில் போட்டுக் கோப்பை மூடினார். ஃபிளாஷ் மின்னியது. ரெபேக்காளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பச்சைக் கோடுதான்; அதற்குள் கண்ணில் நீர் முட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு ஞாபகம் வந்தவராக நிதின் விசிலை ஊதினார். வாசுதேவன் கோவிந்தன் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் ஓடினார்.

கோப்பை அம்மையார் தம் காரிலேயே எடுத்துப் போனார். அன்று மாலை பஸ்ஸில் ரெபேக்காள் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள், யாரும் உட்காராதபடிக்கு.

வாரியத்தின் ஆண்டறிக்கையில் அந்தப் பயிற்சி ‘முழு வெற்றி’ என்று, போட்டோவுடன் வந்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கோப்பு செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த சீட்டை ரெபேக்காள் நின்றபடியே படித்தாள்.

‘கோவிந்தன் என்ற பெயரில் வட்டார அதிகாரி எவரும் இவ்வாரியத்தில் இல்லை.’