வெள்ளியைப் பற்றி யார் பேசுவது

கைதட்டல் சத்தம் கிரிதரனுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அது அடுத்தவனுக்கு விழும்போதுதான் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. அந்த அடுத்தவன் முத்துப்பாண்டியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

செல்லூரில் அவனுடைய மாமாவின் விசைத்தறிக் கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தறிகள் வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்த நாளில், மாதத்துக்கு ஒரு தடவை, அங்கே அறிவியல் கூட்டம் நடக்கும். ஆரம்பித்தவன் கிரிதரன். கோரிப்பாளையத்தில் சின்னதாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஊருக்குச் சர்க்கரை அளவு எழுதிக்கொடுத்தே காலம் போய்விடுமோ என்று ஒரு பயம். கல்லூரிப் பேராசிரியர்களின் வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக் கூட்டி வருவது, நோட்டீஸ் அடிப்பது, வாடகை நாற்காலி இறக்குவது, மைக் செட்டுச் சுருளியை விரட்டுவது, பேச வந்தவருக்குப் போர்த்தச் சால்வை வாங்குவது, எல்லாம் அவன்தான். கடைசியில் நன்றியுரையும் அவன்தான். நன்றியுரை என்றால் வேறொன்றுமில்லை, ஜனம் எழுந்து செருப்பைத் தேடும்போது மைக்கில் கேட்கிற சத்தம். ஆறு வருஷமாக அவன் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

முத்துப்பாண்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அவனேதான். அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? பாண்டி உசிலம்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு, அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் மாப்ள. இப்போது பாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வில்லாபுரத்தில் குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய பேராசிரியர் வராமல் போகவே, பின்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவனை கிரிதரன்தான் இழுத்துவந்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினான்.

"எதையாச்சும் பேசி ஒப்பேத்து மாப்ள."

பாண்டி இடி மின்னலைப் பற்றிப் பேசினான். தன் சித்தப்பா மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கி, வேட்டி கருகி, உயிர் பிழைத்த கதையில் ஆரம்பித்து, மேகத்துக்குள் மின்சாரம் எப்படிச் சேருகிறது என்பதில் கொண்டுவந்து முடித்தான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து கூட்டம் பாண்டியுடையதாகிவிட்டது. அடுத்த மாதம் வானியல் பேராசிரியர் ஒருவரைக் கைகாலைப் பிடித்து அழைத்துவந்தால், தறிக்கூடத்தில் நூல் சுற்றும் சீனியம்மாள் வாசலிலேயே கிரிதரனை மறித்து, "ஏண்ணே, பாண்டி சார் வரலையா?" என்று கேட்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அவரு அடுத்த மாசம் வாராரு" என்றான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இந்தக் கடா பாயக்கூட இல்லை, சிரித்துக்கொண்டு நின்றது. அதுதான் இன்னும் மோசம்.

பாண்டி வந்தால் சீனியம்மாள் ஒரு நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போடுவாள். அந்த நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கியவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனை உட்காரச் சொல்ல ஒரு நாதி கிடையாது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போகப்போகிறது என்று ஒரு வருஷத்துக்கு முன்பே கிரிதரனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற யாரும் கண்ணால் பார்த்திராத காட்சி. இதைப் பற்றி மட்டும் தான்தான் பேச வேண்டும் என்று அவன் மனசுக்குள் தீர்மானம் செய்துவிட்டான். புத்தகங்கள் தேடிப் படித்தான். அடுக்களையிலிருந்து இரண்டு தாம்பாளங்களை எடுத்து, ஒன்றைச் சாய்த்து ஒன்றின் மேல் வைத்து, இது பூமி போகிற பாதை, இது வெள்ளி போகிற பாதை என்று கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினான். அவன் மனைவி இந்துப்ரியா அந்தத் தாம்பாளங்களைத் திரும்ப வாங்குவதற்குள் அலுத்துப்போவாள்.

சித்திரை வெயில் தணிந்த ஒரு சாயங்காலம், டீக்கடையில் வைத்துப் பாண்டி பேச்சை எடுத்தான்.

"ஜூன் கூட்டத்துக்கு வெள்ளியத்தான வைக்கணும்? நீ பேசுறியா மாப்ள?"

கிரிதரனுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. ஆனால் வாய் நெஞ்சைக் கேட்டா பேசுகிறது?

"அட, நான் எதுக்கு மாப்ள" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிதரன் வளர்ந்த வீட்டில் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால், வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரை டம்ளர் என்று கையை நீட்டுவார்கள். முதல் தடவையே சரி என்பவனை, காணாததைக் கண்டவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். கேட்பவனும் விடமாட்டான், கேட்கப்படுபவனும் சட்டென்று இறங்கமாட்டான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அது.

பாண்டி டீயை ஒரு வாய் உறிஞ்சினான்.

"சரி. அப்ப நானே பேசிர்றேன்."

அவ்வளவுதான். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. கிரிதரன் டம்ளரைப் பிடித்தபடி காத்திருந்தான். பாண்டி வடை நன்றாக இருப்பதாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து இந்துப்ரியாவிடம் கொட்டித் தீர்த்தான். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் கிரிதரனுக்குப் பாதி தமிழில்தான் வரும். "ஒரு வார்த்தை, இன்னொரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவான்? எடுத்தவுடனே நானே பேசுறேங்கிறான். காத்துக்கிட்டே இருந்திருக்கான் பாரு."

"உங்களுக்கு வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"அதெப்படி நானாச் சொல்றது?"

"அப்பத் தாம்பாளத்தக் குடுங்க, வேலை கெடக்கு."

நோட்டீஸ் அடித்தபோது 'சிறப்புரை: முத்துப்பாண்டி' என்ற வரியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கண் எரிந்தது. கீழே, எறும்பு அளவு எழுத்தில், 'நன்றியுரை: கிரிதரன்'. எழுத்தின் அளவை அச்சகத்தில் சொன்னவனும் அவன்தான். அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

வெள்ளி கடப்பது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு கூட்டம் வைத்தார்கள். அப்படி ஒரு கூட்டம் அந்தத் தறிக்கூடம் கண்டதில்லை. நாற்காலி போதாமல் தறிகளுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கிரிதரன் பின்னால் சுருளியின் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். பாண்டி பேசப் பேச, அவன் சொல்லாமல் விட்டதை எல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். பாதை சாய்ந்திருப்பதைச் சொல்லவில்லை. தூரத்தைச் சொல்லவில்லை. சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு, வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த தன் மச்சினனைப் பற்றி ஒரு கதை. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இவனும் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

எழுந்து கேட்க வெட்கப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதித் தருவது அந்தக் கூட்டத்து வழக்கம். சீட்டுகளை வாங்கித் தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோவது கிரிதரனின் வேலை. அன்றைக்கு அவனும் ஒரு சீட்டு எழுதினான். 'வெள்ளி இப்போது கடந்தால், எட்டு வருஷம் கழித்து மறுபடி கடக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கடக்காது என்கிறார்கள். ஏன் இந்தக் கணக்கு?' பாண்டிக்கு இது தெரியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மைக்குக்கு முன்னால் அவன் திருதிருவென்று விழிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை விழித்தால் போதும். சீட்டைத் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

பாண்டி அதை எடுத்து உரக்கப் படித்தான். ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான். கிரிதரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல கேள்வி. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றான் பாண்டி.

ஜனம் கைதட்டியது. தெரியாது என்று சொன்னதற்கும் கைதட்டல். கிரிதரனுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. தெரிந்து வைத்துக்கொண்டு நிற்கிறவன் இங்கே இருக்கிறான், தெரியாதவனுக்கு மாலை மரியாதை!

"ஆனா தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. இந்த வெள்ளியப் பத்தி ஒரு வருசமாப் படிச்சவரு. கிரி, நீ வந்து சொல்லு மாப்ள" என்று பாண்டி மைக்கிலேயே கூப்பிட்டான்.

எல்லாத் தலையும் திரும்பியது. சீனியம்மாள்கூடத் திரும்பினாள். ஒரு வருஷமாகக் கண்ணாடி முன்னால் பழகிய முதல் வாக்கியம் தொண்டை வரை வந்தது. கால் எழும்பியது. அந்த நேரம் பார்த்து, யார் சொல்லிக்கொடுத்ததோ, வாய் முந்திக்கொண்டது.

"அட, இருக்கட்டும் மாப்ள. நான் எதுக்கு?"

"சரி. அடுத்த சீட்டு" என்றான் பாண்டி.

எல்லாத் தலையும் அவரவர் இடத்துக்குத் திரும்பிக்கொண்டது.

அன்றைய நன்றியுரை நாற்காலிகளுக்குத்தான். அதிலும் பாதியைச் சுருளி மடக்கிவிட்டிருந்தான். வாசலில் பாண்டியைச் சுற்றி ஒரு கும்பல். கிரிதரன் மைக்கை வைத்துவிட்டுத் தறி ஓரமாக முதுகைக் காட்டி நின்றுகொண்டான். கொஞ்ச நேரத்தில் பாண்டியே அவனிடம் வந்தான், கையில் அந்தச் சீட்டு.

"இது ஓங் கையெழுத்துத்தான மாப்ள?"

கிரிதரன் தறியில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பிய்த்தான்.

"நீ பதில் சொல்லணும்னு ஆசப்பட்டுத்தான் எழுதியிருக்கன்னு நெனச்சு, மைக்குல கூப்புட்டேன். நீ வரமாட்டேங்கிற. எனக்கு ஒண்ணும் புரியல."

தன்னை மடக்க எழுதிய சீட்டு என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அது கிரிதரனை இன்னும் குத்தியது. பொறாமைப்படக்கூடத் தெரியாத ஆளிடமா இத்தனை நாள் பொறாமைப்பட்டோம் என்று இருந்தது. அந்தக் குணத்தின் மேலும் ஒரு பொறாமை வந்தது.

"இன்னொரு வாட்டி கேட்டா என்னடா?" என்றான். "டீக்கடையிலயும் ஒரே வாட்டி. இங்கயும் ஒரே வாட்டி. ஒரு மனுசன் எடுத்தவுடனேயா சரிம்பான்? எனக்குப் பேசணும்னு எம்புட்டு ஆச தெரியுமா? நீ பேசும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது மாப்ள. நெசமாவே எரியுது."

பாண்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம்னவன எதுக்கு மறுபடி கேக்கணும்? எங்க ஊர்ல ஒருத்தன் வேணாம்னா வேணாந்தான். திரும்பத் திரும்பக் கேட்டா, என் பேச்சுல நம்பிக்கை இல்லையான்னு சண்டைக்கு வருவான். நீ வேணாங்குறன்னுதான் நான் பேசுனேன்."

தூரத்தில் சுருளி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, செவ்வாக்கெழம மொட்டமாடியில எல்லாருக்கும் வெள்ளியக் காட்டுறோம்ல, அன்னைக்கு நீ..."

"பேசுறேன்" என்றான் கிரிதரன். பாண்டி இன்னும் கேட்டே முடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, தறிகளை நிறுத்திவிட்டு ஜனம் கூடத்து மொட்டைமாடிக்கு ஏறியது. பாண்டி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பைனாகுலரை ஸ்டாண்டில் கட்டி, யாரும் அதில் கண்ணை வைக்காதபடி பக்கத்திலேயே காவல் நின்றான். அதன் வழியாக வெள்ளை அட்டையில் சூரியனின் பிம்பம் வட்டமாக விழுந்தது. அதன் ஓரமாகக் கடுகு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

கிரிதரன் தாம்பாளங்களோடு நடுவில் வந்து நின்றான். கண்ணாடி முன்னால் பழகிய முதல் வாக்கியம் மறந்தே போய்விட்டது. வேறொன்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். இரண்டு பாதையும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால் அவை எதிரும் புதிருமாக இரண்டே இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சந்தித்தால்தான் வெள்ளி சூரியன் மேல் தெரியும் என்று காட்டினான். பூமி எட்டுச் சுற்றுச் சுற்றுவதற்குள் வெள்ளி பதின்மூன்று சுற்றுச் சுற்றி, இருவரும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள் என்றான். "ஏறக்குறையத்தான். கொஞ்சம் தள்ளித்தான் வருவாங்க. அடுத்த தடவை எப்படியோ சூரிய வட்டத்துக்குள்ளயே விழுந்துரும். அதுக்கடுத்த தடவை வெலகிப் போயிரும். வெலகினா, நூறு வருசத்துக்கு மேல ஆகும் திரும்ப வர." கதை இல்லை, மச்சினன் இல்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

அவன் முடித்ததும் சீனியம்மாள் முகவாயில் கையை வைத்து யோசித்தாள். பிறகு பாண்டி பக்கம் திரும்பினாள்.

"அவுக சொல்றது நெசமா சார்?"

கிரிதரனுக்கு உள்ளே பழைய தீ குப்பென்று ஏறியது.

"நெசந்தான்க்கா. இவன் சொன்னாத் தப்பே இருக்காது" என்றான் பாண்டி.

தீ அணைந்ததா என்றால், முழுசாக இல்லை. ஆனால் அதை வயிற்றுக்குள் வைத்துப் புழுங்குவதில்லை என்று கிரிதரன் அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டான். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு ஜூன்ல வெள்ளி மறுபடி வருது. அந்தக் கூட்டத்துலயும் நாந்தான் பேசுவேன். யாரும் என்னக் கேக்க வேண்டாம், நானே சொல்லிட்டேன். நன்றியுரை பாண்டி."

மாடியே சிரித்தது. பாண்டிக்குக் கிடைக்கிற சிரிப்பில் பாதிதான் இருக்கும், கிரிதரன் கவனமாகத்தான் கேட்டான். ஆனால் அது அவனுக்கு விழுந்த சிரிப்பு.

அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த பாண்டி ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"சரி."