மிச்சம்

வீட்டில் ஜன்னல் வைத்த அறை ஒன்றுதான். அதற்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். தையல் மெஷின் போட அண்ணிக்கு வெளிச்சம் வேண்டும். வேலை மாற்றலாகி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாத்தனாருக்குக் காற்று வேண்டும். ஒரு வாரமாக வாய்ச்சண்டை. காது புளித்துப்போன அண்ணன், தன் பொம்மைக் கடையிலிருந்து இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ரெண்டுலயும் ஒரே ஜீப்தான். பெட்டியப் பிரிச்சு, படத்தைப் பாத்துப் பாகங்களைப் பூட்டுங்க. நடுவுல ஓட்டிப் பாக்கக் கூடாது. யார் ஜீப் முதல்ல எதிர்ச் சுவரைத் தொடுதோ, அறை அவங்களுக்கு."

அண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயரே மிச்சம். எதைப் பூட்டினாலும் கடைசியில் கையில் ஏதாவது மிஞ்சும். மூன்று திருகாணியை மிச்சம் வைத்து மின்விசிறி மாட்டியவள். அது இன்றுவரை ஜம்மென்று சுற்றுகிறது என்பதுதான் அண்ணியின் வயிற்றெரிச்சல்.

அண்ணி நான்கு கியர்களையும் படத்தில் இருந்தபடியே கோத்து, கிரீஸ் தடவி மூடினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாத்தனார் கை கழுவப் போன நேரம் பார்த்து, அவளுடைய மோட்டாரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினாள். இனி அந்த ஜீப் பின்னால்தான் ஓடும். பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தவள் வேலையை முடித்து எதையோ நைசாகச் சட்டைப்பையில் போட்டதையும் அண்ணி கவனித்தாள். ஆஹா, இன்றைக்கும் மிச்சம்!

அண்ணன் விசிலடித்தான். அண்ணியின் ஜீப் பாதிக் கூடத்தைக்கூடத் தாண்டவில்லை; அதற்குள் மிச்சத்தின் ஜீப் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் டமாலென்று முட்டியது.

"ஐயையோ, அது பின்னாடிதானே போகணும்!"

அண்ணியின் வாய் முந்திக்கொண்டது.

"ஏன் பின்னாடி போகணும்?" என்றான் புருஷன்.

பதிலுக்குக் காத்திராமல் தங்கையின் ஜீப்பைத் திறந்தான். "நாலு கியர்ல மூணுதான் போட்டிருக்கா. எட்டலைன்னு அச்சைப் பக்கத்து ஓட்டையில மாட்டியிருக்கா. இப்படிப் போட்டா வேகம் கூடும், ஆனா வண்டி ரிவர்ஸ்ல போகும்." அவன் பார்வை இடம் மாறியிருந்த ஒயர்களுக்குப் போனது. அங்கிருந்து மெதுவாக மனைவிக்கு வந்தது.

அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நாத்தனார் சட்டைப்பையைத் துழாவினாள். குட்டி வெள்ளைக் கியர் ஒன்றை எடுத்து, அண்ணியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அறை எனக்கு அண்ணி. மிச்சம் உங்களுக்கு."