வாசலில் நின்ற இருமல்

என் வீட்டுக்காரர் தோளில் நிகோடின் பிளாஸ்திரி ஒட்டிய அன்று காலையே அவருடைய இருமல் வீட்டை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. எங்கள் தெருவில் சிகரெட்டை விடுகிறவர்கள் வீட்டிலெல்லாம் இப்படித்தான். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு எங்காவது போய்விடும். எங்களுடையது போகவில்லை. அவர் வளர்த்ததுதானே, பிடிவாதம் இல்லாமல் இருக்குமா?

எல்லாம் பேத்திக்காகத்தான். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தமயந்தி கறாராகச் சொல்லிவிட்டாள். "சிகரெட்டும் இருமலும் போனாத்தான்பா பாப்பாவ உங்க கையில தருவேன்." மனிதர் டாக்டரிடம் போய்ப் பிளாஸ்திரியும், வாய் நமநமக்கும்போது மெல்லுகிற நிகோடின் சூயிங்கமும் வாங்கி வந்தார். மென்று, வெற்றிலையை ஒதுக்குவதுபோல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தொட்டிலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வாசலில் இருமல் லேசாகக் குரல் கொடுக்கும். உடனே இவர் கை சட்டைப்பையைத் துழாவும். தமயந்தி தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்குமாற்றோடு போய், "மானங்கெட்டதே, போய்த் தொலையேன்!" என்று கத்தினேன். அது தலையைக் குனிந்துகொண்டது. கல்யாணமான நாளிலிருந்து, தெருமுனையில் அதன் சத்தம் கேட்ட பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். பாவமாகப் போய்விட்டது. உள்ளே போய்ச் சுக்குக் காபி கலந்து வந்து கொடுத்தேன்.

எதிர்வீட்டு லூர்து டீச்சர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவர். கதவைத் தட்டுகிறவனெல்லாம், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டே அவரை நோகடித்திருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு வேண்டாம்னா நான் வெச்சுக்கட்டுமா? எவனாவது வந்தா உள்ளேருந்து ஒரு தடவ செருமினாப் போதும்."

என் வீட்டுக்காரரே இருமலின் கையைப் பிடித்து அழைத்துப்போய் டீச்சர் வீட்டில் விட்டார். "ஐஸ் தண்ணி மட்டும் குடுக்காதீங்க டீச்சர்" என்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"அழுதீங்களா?"

"பிளாஸ்திரி அரிக்குதுடி."

அன்று சாயங்காலம் தமயந்தி குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, அவர் கையில் கொடுத்தாள். அவர் குழந்தையின் உச்சியை முகர்ந்துகொண்டே இருந்தார். பால் வாசனை அடிக்கிறது என்று ஊரே கேட்கும்படி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இருமல் நின்றிருந்தது. குளித்திருந்தது. தோளில் புதுப் பிளாஸ்திரி, கன்னத்தில் ஒதுக்கிய சூயிங்கம். செருமலை டீச்சர் வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு, தான் மட்டும் வந்திருந்தது.

தமயந்தி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு உக்காரச் சொல்லும்மா."

அது கழுவிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் குழந்தையை அதன் மடியில் வைத்தார்.

"தலையத் தாங்கிப் பிடி" என்றார்.