கதவுக்காரர் மாட்டிய கதிர்வளையம்

1

"ஏங்க, குறடை எங்க வச்சுத் தொலைச்சீங்க?"

இந்தக் கதை இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. எழுத உட்கார்ந்து ஒரு வருடமாகிறது. ‘நான்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியிலேயே மூக்கு ஒழுகுகிறது. ஆகவே ‘அவள்’ என்று எழுதுகிறேன். அவள் நான்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: [அறுவடைக் காலத்துப் பொன்வெயில் கதவின் மேல்— ] அடித்துவிட்டேன். அன்றைக்கு மந்தாரம்.

இரண்டாவது தொடக்கம்: பொறாமை. இதுதான் நிஜம்.

எதிர்வீட்டில் அவளுடைய நாத்தனார். அறுவடைக் காலம் வந்துவிட்டதென்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கதிர்வளையம் ஒன்றைத் தன் வாசற்கதவில் தொங்கவிட்டாள். அதோடு நிற்கவில்லை.

"என்ன அண்ணி, உங்க கதவு மொட்டையா நிக்குது? அண்ணன் ஊருக்கெல்லாம் கதவு மாட்டுறாரு…"

அண்ணன் என்றால் நம் ‘அவள்’ இருக்கிறாளே, அவளுடைய கணவர். முப்பத்தோரு வருடம் வீடுகளுக்குக் கதவு பொருத்தியவர். தெருவில் கதவுக்காரர் என்றே பெயர். தங்கையின் சொல் சுருக்கென்று தைத்தது.

"பிளாஸ்டிக்கா? நான் செய்யறேன் பாரு."

பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைக் கழற்றி வீசிவிட்டு, வளையத்துக்குச் சணல் சுற்றினார். அவள் கோதுமைக் கதிர்களைப் பிடி பிடியாகக் கட்டிக் கொடுக்க, ஒன்றின் காம்பை அடுத்ததன் தலை மூடும்படி வைத்து இறுக்கிக்கொண்டே போனார். நடுநடுவே காய்ந்த சோளக்கதிர். முடிந்தபோது தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"இது கதவுக்கு அலங்காரமா, தண்டனையா?"

"நாலு அங்குல ஆணி தாங்கும். பேசாம பிடி."

3

இனி வருவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இந்தக் கதாபாத்திரத்தை வேறு தொழிலுக்கு மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனம் வரவில்லை.

எங்கள் [அவர்களுடைய] வாசற்கதவு வெளிப்பக்கம் திறப்பது. அவர் அதை முழுக்கத் திறந்து வெளிச்சுவரோடு சாய்த்தார். தெருவில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் ஆணியை அடித்தார். வளையத்தை மாட்டினார். பின்னால் நகர்ந்து, இடுப்பில் கை வைத்து அழகு பார்த்தார். நாத்தனார் வாயடைத்துப் போனாள்.

பிறகு கதவைச் சாத்தினார். வளையம் வீட்டுக்குள் போய்விட்டது.

வெளியே, பலகையைத் துளைத்து வந்த ஆணியின் முனை மட்டும் கால் அங்குலம் எட்டிப் பார்த்தது.

(அவர் சார்பாக ஒரு குறிப்பு: கதவு பொருத்துகிறவர்கள் வேலை செய்வதெல்லாம் திறந்த கதவில்தான். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது வீட்டுக்காரர்கள்.)

நாத்தனாருக்கு வாய் திரும்பிவிட்டது. "ஏண்ணே, அறுவடையெல்லாம் வீட்டுக்குள்ளயேவா?"

"நாலு பேர் பாக்கவா செஞ்சோம்? நமக்குத்தான்" என்றார் கம்பீரமாக. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சரி சரி, மாத்திடறேன். ஆணியைப் பிடுங்கணும், குறடை எடு."

4

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூச்சு வாங்குகிறதென்று வளையத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சமையலறை அலமாரியில் தேடியபடி அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் இல்லை. அவர் பதில் சொல்லாதது புதிதா என்ன? ஆகவே பத்து நிமிடம் நிறுத்தாமல் திட்டினாள். "வச்சது வச்ச இடத்துல இருந்துட்டா இந்த வீடு தாங்காதே!" வந்து பார்த்தால் குறடு அவர் மடியிலேயே இருந்தது. அவர்

[இந்த வாக்கியம் இவ்வளவுதான்.]

5

மறுபடி அறுவடைக் காலம். நேற்று நாத்தனார் ஒரு குறடோடு வந்தாள்.

"அண்ணி, மாத்திடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நாமளாவது செஞ்சு வைக்க வேணாமா?"

"மாத்திட்டா அவர் ஒழுங்கா மாட்டின மாதிரி ஆயிடும்."

"நல்லதுதானே?"

"அவர் கடைசியா செஞ்ச தப்பு அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு?"

நாத்தனார் குறடை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். முந்தானை ஆணி முனையில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"பாத்தீங்களா! போன பிறகும் என்னை வம்புக்கு இழுக்குறாரு எங்கண்ணன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குச் சரியாக எழுத வரவில்லை.

6

முடிவு அ: அவள் ஆணியைப் பிடுங்கி, வளையத்தை வெளியே மாட்டுகிறாள். சொன்ன வாக்குக் காப்பாற்றப்படுகிறது. தெருவே மெச்சுகிறது. உள்ளே நாற்காலிக்கு எதிரே ஒரு ஓட்டை.

முடிவு ஆ: மாட்டியது மாட்டியபடி. கதவைப் பகல் முழுக்கத் திறந்து வைக்கிறாள், தெரு பார்த்துக்கொள்ளட்டும் என்று. எதிர்வீட்டுப் பூனை தினமும் வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது.

முடிவு இ: [

அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். குறடு வாசற்படியில்தான் இருக்கிறது. எடுக்க வருவதானால் உடுப்பைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாருங்கள். ஆணி முனை இன்னும் கால் அங்குலம் வெளியே இருக்கிறது.