ஒரே அச்சில் இரண்டு டப்பா

மகன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் பெரியவர் சமையல் மேடையில் இருந்த டப்பாவைத் திறந்தார். உள்ளே சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்படியென்றால் மகனின் பையில் போயிருப்பது இன்னொரு டப்பா. பக்கத்து வீட்டு முயல்களுக்காக எடுத்து வைத்த கேரட் தோலும் கோஸ் இலையும் அதில்தான் இருந்தன. இரண்டுமே மனைவி ஜோடியாக வாங்கிய எவர்சில்வர் டப்பாக்கள். மூடியிலிருந்து கொக்கிவரை ஒரே அச்சு.

லாரி ஓட்டிய காலத்தில் அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை. மனைவி போன பிறகு சவரம் செய்யாமல், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் ஏதாவது சமைக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மகனுக்கு மதியச் சாப்பாடு கட்டுவது அவர் பொறுப்பானது. வெங்காயம் நறுக்கத் தொடங்கிய பிறகு தூக்கம் வந்தது, பசி வந்தது, காய்கறிக்காரியிடம் வம்பு வளர்க்கத் தெம்பு வந்தது. நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபடி படுக்கிற மனுஷனுக்குச் சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? நடுவில் ஒருநாள் பால் பாத்திரம் கருகிவிட்டது. மருமகள் கத்தவில்லை. "இன்னொரு தடவை எதாச்சும் ஆச்சுன்னா உங்கள அடுப்பு பக்கமே விடமாட்டேன் மாமா," என்று மட்டும் சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள்.

மத்தியானம் முழுக்க போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் நடுவில் மகன் மூடியைத் திறப்பதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதோடு அடுப்பும் போய்விடும். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மகன் வந்து டப்பாவை நீட்டினான். பளிச்சென்று கழுவியிருந்தது.

"இன்னைக்கு சாப்பாடு சூப்பர்பா. பக்கத்து சீட்டுக்காரர் பாதிய புடுங்கிக்கிட்டாரு."

"உப்பு?"

"கரெக்டா இருந்துச்சு."

அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் புரிந்துவிட்டது. யாரிடம் கொடுத்தானோ, எந்தத் தொட்டியில் கவிழ்த்தானோ, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு மட்டும்தானா? எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள்தானே இன்றைக்கும். பாவி, நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

காலையில் செய்த வறுவல் ஆறிப்போய் மேடையிலேயே இருந்தது. ஒரு வாய் போட்டுப் பார்த்தார். அவர் நாக்குக்குச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் எழக்கூடாது என்றுதான் படுத்தார். பாழாய்ப்போன கை கேட்டால்தானே? விடிந்ததும் கத்தியைத் தேடியது. தோல் ஒரு டப்பாவில், சமைத்தது ஒரு டப்பாவில். இரண்டையும் மூடி, அருகருகே வைத்தார்.

"டப்பா ரெடியாப்பா?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகன் கேட்டான்.

கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே வந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று குமிழை இன்னொரு தடவை திருகிப் பார்த்தார்.